புரோட்டாவும் பாக்கெட்டும் கொஞ்சம் மாறினால் உடல் பருமன் குறையுமா?

எடை கூடிவிட்டது என்று மருத்துவரிடம் போனால் முதலில் வரும் அறிவுரை, "வெளியில் சாப்பிடுவதை நிறுத்துங்கள்" என்பதுதான். அறிவுரையில் தப்பில்லை. ஆனால் மதுரை மாட்டுத்தாவணி மார்க்கெட்டில் விடிய விடிய லாரியிலிருந்து காய்கறி மூட்டை இறக்குகிறவருக்கும், நாலு பேரோடு அறை எடுத்துத் தங்கிப் படிக்கிற பையனுக்கும், ஜவுளிக்கடை வேலை முடிந்து ஒன்பதரைக்கு மேல் மேலூர் பஸ் பிடிக்கிற பெண்ணுக்கும் அது எட்டாத அறிவுரை. அந்த நேரத்தில் சூடாகவும் மலிவாகவும் வயிறு நிறையவும் கிடைப்பது இரண்டு புரோட்டாவும் சால்னாவும்தான். இல்லையென்றால் பாஸ்ட் புட் வண்டியில் ஒரு எக் ரைஸ். அதுவும் இல்லையென்றால் ஒரு பிஸ்கட் பாக்கெட், ஒரு கூல்டிரிங்க்ஸ்.

அப்படியானால் கேள்வியைத் திருப்பிப் போடலாமே. மனிதர்களை மாற்றுவது கஷ்டம். அவர்கள் எப்படியும் சாப்பிடப் போகிற அந்தப் புரோட்டாவையும் பிஸ்கட்டையும் கொஞ்சம் மாற்றினால்? உடல் பருமன் குறையுமா?

குறைய வாய்ப்பு இருக்கிறது என்பதுதான் என் பதில். ஆனால் கடைகளில் 'ஆரோக்கியம்' என்று போர்டு மாட்டி விற்கிற மாற்றங்களில் பாதிக்கு மேல் இந்த விஷயத்தில் உதவாது. எது உதவும், எது உதவாது என்று பிரித்துப் பார்க்கக் கொஞ்சம் அடிப்படை தெரிய வேண்டும்.

முதலில் நிலவரம். தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி 2015-16இல் தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 30.9 சதவீதம் பேர் அதிக எடையோ பருமனோ உள்ளவர்கள். 2019-21இல் அது 40.4 சதவீதம். ஆண்களில் 28.2 சதவீதத்திலிருந்து 37 சதவீதம் ஆனது. அகில இந்திய அளவில் பெண்களில் 24 சதவீதம்தான். ஐந்தாறு ஆண்டுகளுக்குள் ஒரு மாநிலத்து மக்களின் மரபணு மாறாது. திடீரென்று எல்லோருக்கும் மன உறுதி குறைந்துவிடவும் செய்யாது. சுற்றியிருக்கும் சாப்பாடும் வேலையும் மாறியிருக்கின்றன. கணக்கெடுப்பில் பயன்படுத்திய அளவுகோல் பிஎம்ஐ 25, அதாவது கிலோவில் எடையை மீட்டரில் உயரத்தின் வர்க்கத்தால் வகுத்து வரும் எண். நம் நாட்டவருக்குக் குறைந்த எடையிலேயே வயிற்றில் கொழுப்புச் சேர்ந்து சர்க்கரை நோய் வந்துவிடுவதால், 23ஐத் தாண்டினாலே அதிக எடை என்று கணக்கில் எடுக்கும் மருத்துவர்கள் இங்கே நிறைய.

வயிற்றுக்குக் கலோரி எண்ணத் தெரியாது

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு விஷயத்தைத்தான் நினைவில் வைக்க முடியும் என்றால் இதை வைத்துக்கொள்ளுங்கள்: கலோரி அடர்த்தி. நூறு கிராம் உணவில் எத்தனை கலோரி இருக்கிறது என்பதுதான் அது. வெள்ளரிக்காயில் நூறு கிராமுக்கு 15 கலோரி போல. வெந்த சோற்றில் 130. இட்லியும் கிட்டத்தட்ட அதே கணக்கு. பிஸ்கட்டில் 450, 500. உருளைக்கிழங்கு சிப்ஸில் 540 அளவுக்கு. காரணம் எளிது: தண்ணீருக்கும் நார்ச்சத்துக்கும் எடை உண்டு, கலோரி இல்லை அல்லது மிகக் குறைவு. மாவுச்சத்திலும் புரதத்திலும் கிராமுக்கு 4 கலோரி. கொழுப்பில் 9.

மஞ்சப்பை ஒன்றில் பஞ்சையும் அடைக்கலாம், பழைய இரும்பையும் அடைக்கலாம். பை நிறைந்ததா என்பது மட்டும்தான் பைக்குத் தெரியும். வயிறும் ஏறத்தாழ அப்படித்தான். நாம் தினமும் சாப்பிடும் உணவின் எடையும் கனஅளவும் பெரிதாக மாறுவதில்லை. அதற்குள் எத்தனை கலோரி ஒளிந்திருக்கிறது என்பதுதான் மாறுகிறது.

இதை அமெரிக்காவில் பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தில் பார்பரா ரோல்ஸ் குழுவினர் அழகாகச் சோதித்தார்கள். 2011இல் வெளியான ஆய்வு அது. வழக்கமான உணவுகளுக்குள் காய்கறியை வேகவைத்து அரைத்துக் கலந்துவிட்டார்கள். தட்டில் வைத்ததில் எவ்வளவு வேண்டுமானாலும் சாப்பிடலாம். கலந்த நாளிலும் கலக்காத நாளிலும் மக்கள் சாப்பிட்ட உணவின் எடை ஏறக்குறைய ஒன்றுதான். ஆனால் கலோரி அடர்த்தியைக் கால்பங்கு குறைத்த உணவில் ஒரு நாளைக்குச் சுமார் 350 கலோரி குறைவாக உள்ளே போனது. பசியிலும் வித்தியாசம் தெரியவில்லை. யாரும் கட்டுப்பாடாக இருக்கவில்லை, யாரும் வைராக்கியம் காட்டவில்லை. சமையற்கட்டில் நடந்த மாற்றம் சாப்பிட்டவர் கண்ணில் படவேயில்லை.

பதப்படுத்துதல் மட்டும் குற்றவாளியா?

பதப்படுத்திய உணவு என்றால் எல்லாமே கெட்டது என்று ஒரு பேச்சு ஓடுகிறது. இட்லி மாவு அரைத்துப் புளிக்கவைப்பதும், அப்பளமும், வற்றலும், தயிரும் பதப்படுத்தியவைதான். பிரேசிலில் சாவோ பாலோ பல்கலைக்கழகத்தின் கார்லோஸ் மொன்டேரோ குழு 2009 வாக்கில் இதைத் தரம் பிரித்து, நாலாவது வகையாக 'மிகையாகப் பதப்படுத்திய உணவு' என்று ஒன்றை வைத்தது. வீட்டு அடுக்களையில் இல்லாத பொருள்களை, அதாவது மணமூட்டி, நிறமூட்டி, குழைவூட்டி போன்றவற்றைச் சேர்த்து ஆலையில் செய்து பொட்டலத்தில் வருபவை அவை. சிப்ஸ், உடனடி நூடுல்ஸ், குளிர்பானம், கிரீம் பிஸ்கட் எல்லாம் இதில் அடக்கம். நம் புரோட்டா, கண் எதிரே பிசைந்து வீசிச் சுடுவதால், இந்த வகைக்குள் கறாராக வராது. அதனால் அதைச் சாப்பிட்டால் உடம்பு இளைத்துவிடும் என்று அர்த்தமில்லை.

இந்த நாலாவது வகையை வைத்து 2019இல் அமெரிக்கத் தேசியச் சுகாதார நிறுவனத்தில் கெவின் ஹால் செய்த சோதனை பிரபலமானது. இருபது பேரை ஒரு மாதம் ஆராய்ச்சி மருத்துவமனையிலேயே தங்கவைத்தார். இரண்டு வாரம் மிகையாகப் பதப்படுத்தியவை, இரண்டு வாரம் அதிகம் பதப்படுத்தாதவை. தட்டில் வைத்த கலோரி, சீனி, கொழுப்பு, உப்பு, நார்ச்சத்து எல்லாம் இரண்டிலும் சமம். எவ்வளவு சாப்பிடுவது என்பது அவரவர் இஷ்டம். பதப்படுத்திய உணவு கிடைத்த வாரங்களில் சராசரியாகத் தினம் 500 கலோரி போல அதிகமாகச் சாப்பிட்டார்கள்; ஒரு கிலோவுக்குச் சற்றுக் குறைவாக எடை கூடினார்கள். மற்ற இரண்டு வாரத்தில் அதே அளவு குறைந்தார்கள். பதப்படுத்தியதை மெல்ல வேண்டியதில்லை, அதனால் வேகமாக இறங்கியது. திட உணவாகப் பார்த்தால் கலோரி அடர்த்தியும் அதில் அதிகம்.

சரி, அதே வகை உணவை நல்லபடியாகச் செய்தால்? இதுதான் நம் கேள்வி. 2025இல் பிரிட்டனிலிருந்து ஒரு சோதனை முடிவு வந்தது. 55 பேர், எட்டு வாரம் ஒரு வகை, எட்டு வாரம் மற்ற வகை. இந்த முறை இரண்டு உணவுமே அந்நாட்டு அரசின் ஊட்டச்சத்து வழிகாட்டுதலுக்குப் பொருந்தியவை. அதாவது பதப்படுத்திய உணவிலும் உப்பு, சீனி, கொழுப்பு எல்லாம் வரம்புக்குள். இரண்டிலுமே எடை குறைந்தது. அதிகம் பதப்படுத்தாத உணவில் 2.06 சதவீதம், பதப்படுத்தியதில் 1.05 சதவீதம்.

இந்த ஒரு முடிவைப் பதப்படுத்திய உணவை எதிர்க்கும் தரப்பும் ஆதரிக்கும் தரப்பும் தங்களுக்குச் சாதகமாகப் பேசிக்கொண்டன. எனக்கு இதில் தெரிவது, திருத்திய பாக்கெட் உணவு ஒன்றுமே செய்யாது என்பது பொய். வீட்டுச் சமையல் அளவுக்குச் செய்யும் என்பதும் பொய். பாதி பலன். பாதி என்பது சின்ன விஷயமா? லட்சக்கணக்கானோருக்கு, அவர்கள் எதையும் மாற்றாமலே பாதி பலன் கிடைக்குமென்றால் நான் அதை வாங்கிக்கொள்வேன்.

கல்லில் என்ன நடக்கிறது

இப்போது புரோட்டாவுக்கு வருவோம். ஒரு சுமாரான புரோட்டாவில் 50 கிராம் மைதாவும் 10 கிராம் எண்ணெயும் என்று வைத்துக்கொள்ளுங்கள். மைதாவுக்கு 175 கலோரி, எண்ணெய்க்கு 90. மொத்தம் 265. எடையில் ஆறில் ஒரு பங்குதான் எண்ணெய். கலோரியில் மூன்றில் ஒரு பங்கு. சால்னாவின் மேல் மிதக்கிற எண்ணெய் ஒரு மேசைக்கரண்டி விழுந்தால் இன்னொரு 120. இரண்டு புரோட்டா, ஒரு சால்னா, மேலே ஒரு கரண்டி எண்ணெய்: சால்னாவின் தேங்காயையும் கசகசாவையும் கணக்கில் சேர்க்காமலே 650. பன் புரோட்டா, கொத்து, விருதுநகர்ப் பக்கத்து எண்ணெய்ப் புரோட்டா எல்லாம் இதற்கு மேலே எங்கேயோ.

எண்ணெயே இல்லாமல் செய்யச் சொன்னால் எந்த மாஸ்டரும் சிரிப்பார். உருண்டை எண்ணெயில் ஊறாவிட்டால் மாவு வீசவே வராது, கிழிந்துபோகும், அடுக்கு பிரியாது. அந்த எண்ணெயைத் தொட வேண்டாம். கல்லில் போட்ட பிறகு சுற்றி ஊற்றுகிறாரே, அங்கேதான் குறைக்க இடம் இருக்கிறது. ஒரு புரோட்டாவுக்கு நாலு கிராம் குறைந்தால் 36 கலோரி. இரண்டுக்கு 72. சால்னாவை மேலாக மொண்டு ஊற்றாமல் கலக்கி ஊற்றினாலோ, அல்லது தேங்காயில் கொஞ்சத்தைக் குறைத்துச் சுரைக்காயையும் தக்காளியையும் வேகவைத்து அரைத்துவிட்டாலோ இன்னும் குறையும். ரோல்ஸ் குழு செய்ததும் இதைத்தான், என்ன, அவர்கள் தட்டில் சால்னா இல்லை. சுரைக்காய் தேங்காயை விட மலிவு என்பது முதலாளியின் காதில் போட வேண்டிய செய்தி.

தினம் 100 கலோரி குறைந்து என்ன ஆகப்போகிறது என்று தோன்றலாம். மேலே சொன்ன கெவின் ஹால்தான் இதற்கும் ஒரு கணக்குப் போட்டிருக்கிறார். அதிக எடையுள்ள ஒருவர் தினமும் 100 கலோரி குறைவாகச் சாப்பிட்டு அதை அப்படியே தொடர்ந்தால், சுமார் மூன்று ஆண்டில் நாலரை கிலோ குறையும். அதில் பாதி முதல் ஆண்டிலேயே. அதற்கப்புறம் நின்றுவிடும், ஏனென்றால் இளைத்த உடம்புக்குச் செலவும் குறைவு. ஏழாயிரம் கலோரிக்கு ஒரு கிலோ என்று நேராக வகுத்துப் பார்த்து, பத்து வருஷத்தில் காணாமல் போய்விடுவோம் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். இங்கே குறைந்த 100ஐ வேறெங்காவது ஈடுகட்டாமல் இருந்தால்தான் இந்தக் கணக்கும் செல்லும்.

கோதுமைப் புரோட்டாவைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். மைதாவுக்குப் பதில் கோதுமை என்றால் நார்ச்சத்து கூடும், நல்லதுதான். ஆனால் எண்ணெய் அதே எண்ணெய். கலோரியில் பெரிய வித்தியாசம் இருக்காது. "கோதுமைதானே" என்று மூன்றாவதையும் சாப்பிட்டால் கணக்கு நஷ்டத்தில் முடியும். சிறுதானிய பிஸ்கட், சிறுதானிய முறுக்கு கதையும் இதுவே. 2023ஐச் சர்வதேசச் சிறுதானிய ஆண்டாக அறிவித்த பிறகு இந்தப் பெயரில் வராத பலகாரம் இல்லை. தினையும் கேழ்வரகும் கிராமுக்குக் கிராம் அரிசியை ஒட்டிய கலோரிதான் தருகின்றன. அவற்றின் பலன் நார்ச்சத்திலும் கனிமங்களிலும் இருக்கிறது. உசிலம்பட்டிப் பக்கம் சோளக் களியாகவோ கம்பங்கூழாகவோ கரைத்துச் சாப்பிட்டபோது அவற்றில் பெரும்பகுதி தண்ணீர், அடர்த்தி குறைவு. அதே தானியத்தை வெண்ணெயும் சீனியும் சேர்த்துச் சுட்டால் பிஸ்கட்தான். பாக்கெட்டைத் திருப்பி உட்பொருள் பட்டியலைப் பாருங்கள். எடை அதிகமானது முதலில் வர வேண்டும் என்பது சட்டம். முகப்பில் ராகி படம், பட்டியலின் முதல் பெயர் மைதா என்று இருப்பவை நிறையக் கண்ணில் படும்.

சொல்லாமல் செய்தால் செல்லும்

1991இல் மெக்டொனால்ட்ஸ் நிறுவனம் அமெரிக்காவில் கொழுப்புக் குறைத்த பர்கர் ஒன்றைக் கொண்டுவந்தது. கொழுப்புக்குப் பதில் கடற்பாசிச் சாறும் தண்ணீரும். பெயரிலேயே 'ஒல்லி' என்று வைத்து விளம்பரம் செய்தார்கள். விற்கவில்லை, 1996இல் எடுத்துவிட்டார்கள். 'உடம்புக்கு நல்லது' என்று எழுதிய உடனேயே 'ருசி இருக்காது' என்று வாசித்துக்கொள்வது மனித இயல்பு.

இதற்கு நேர்மாறாக பிரிட்டனில் உப்பைக் குறைத்தார்கள். 2003 வாக்கில் தொடங்கி, ரொட்டி முதலான நூற்றுக்கணக்கான பாக்கெட் உணவுகளில் ஆண்டுக்காண்டு துளித்துளியாக. பத்தாண்டுக்குள் ரொட்டியில் உப்பு ஐந்தில் ஒரு பங்கு குறைந்தது. ஒரு நபர் ஒரு நாளைக்குச் சாப்பிடும் உப்பு 9.5 கிராமிலிருந்து 2011இல் 8.1 கிராமுக்கு இறங்கியது. ருசி மாறிவிட்டதே என்று யாரும் தெருவுக்கு வரவில்லை. நாக்கு மெல்ல மெல்லப் பழகிக்கொள்கிறது.

ஆனால் கம்பெனிகள் தாமாகச் செய்துவிடும் என்று எதிர்பார்த்தால் ஏமாற்றம்தான். அதே பிரிட்டன், 2020க்குள் இனிப்புப் பண்டங்களில் 20 சதவீதம் சீனியைக் குறையுங்கள் என்று நிறுவனங்களைக் கேட்டுக்கொண்டது. கட்டாயம் இல்லை. குறைந்தது 3.5 சதவீதம். குளிர்பானத்தில் மட்டும் வேறு வழியில் போனார்கள்: நூறு மில்லியில் 5 கிராமுக்குக் கீழே சீனி இருந்தால் வரி கிடையாது, 5 முதல் ஒரு வரி, 8 முதல் கூடுதல் வரி. 2016இல் அறிவித்து 2018 ஏப்ரலில் அமல். வரி வருவதற்கு முன்பே கம்பெனிகள் ஓடி ஓடிச் சீனியைக் குறைத்தன. வரிக்கு உட்பட்ட பானங்களில் சராசரிச் சீனி 40 சதவீதத்துக்கு மேல் குறைந்தது. பிறகு வந்த கேம்பிரிட்ஜ் ஆய்வு ஒன்று, பத்துப் பதினொரு வயதுச் சிறுமிகளிடம் உடல் பருமன், வரி இல்லாதிருந்தால் இருந்திருக்கக்கூடிய அளவைவிட 8 சதவீதம் குறைவு என்று கண்டது. பையன்களிடம் அந்த மாற்றம் தெரியவில்லை.

நம் ஊரில் குளிர்பானத்துக்கு வரி குறைவு என்று யாரும் சொல்ல முடியாது. 2017 முதலே ஜிஎஸ்டியும் கூடுதல் வரியுமாக 40 சதவீதம். 2025 செப்டம்பர் 22 முதல் நேரடியாகவே 40. ஆனால் நூறு மில்லியில் 11 கிராம் சீனி போட்ட கோலாவுக்கும், சீனியே இல்லாத கோலாவுக்கும் ஒரே வரி. அப்படி இருக்கும்போது கம்பெனி எதற்காகச் சீனியைக் குறைக்கும்? அரசுக்குப் பணம் வருகிறது, பாட்டிலுக்குள் மாற்றமில்லை. அதே நாளில் பிஸ்கட், சாக்லேட், உடனடி நூடுல்ஸ், மிக்சர் வகைகளின் வரி 5 சதவீதத்துக்கு இறங்கியது. குடும்பச் செலவு குறையும் என்பது சரிதான். பருமன் கணக்கில் எனக்கு அது உறுத்துகிறது. பக்கத்துக் கேரளம் 2016இல் பெரிய பிராண்டு கடைகளின் பர்கர், பீட்சாவுக்கு 14.5 சதவீத வரி போட்டுப் பார்த்தது. ஜிஎஸ்டி வந்ததும் போய்விட்டது. அந்த வரியும் தெருமுனைப் பொரோட்டாவைத் தொடவில்லை.

சீனியை எடுத்துவிட்டுச் செயற்கை இனிப்பூட்டி போட்டால் போதாதா என்று கேட்பவர்களுக்கு: எடையைக் குறைக்கும் நோக்கத்தில் அவற்றை நம்ப வேண்டாம் என்று உலகச் சுகாதார நிறுவனம் 2023 மே மாதம் பரிந்துரைத்தது. இனிப்பின் அளவையே இறக்குவது நல்லது.

முகப்பு எச்சரிக்கை பற்றியும் ஒரு வார்த்தை. சிலி நாட்டில் 2016 முதல் சீனி, உப்பு, கொழுப்பு, கலோரி எல்லை மீறிய பாக்கெட்டின் முகப்பில் கறுப்பு எண்கோண முத்திரை. நம் உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2022இல் கொண்டுவந்த வரைவு, எச்சரிக்கைக்குப் பதில் நட்சத்திரம் கொடுக்கச் சொன்னது. அரை நட்சத்திரம் வாங்கிய பாக்கெட்கூட ஏதோ பரிசு வாங்கியது போலத்தான் கண்ணுக்குத் தெரியும். எனக்குக் கறுப்பு முத்திரைதான் நேர்மையாகப் படுகிறது.

மலிவும் அளவும்

துரித உணவுக் கம்பெனிகளிடமிருந்து கற்றுக்கொள்ளவும் ஒன்று உண்டு. மதுரையில் 1976இல் 11 படுக்கைகளோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கிய டாக்டர் கோ. வெங்கடசாமி, மெக்டொனால்ட்ஸ் எல்லா ஊரிலும் ஒரே தரத்தில், மலிவாக, கோடிக்கணக்கானோருக்குப் பர்கர் தருவதைப் பார்த்து, அதே மாதிரிக் கண்புரை அறுவை சிகிச்சையைத் தர முடியாதா என்று யோசித்தவர். அந்த யோசனை என்ன ஆயிற்று என்பது ஊருக்கே தெரியும். உணவில் அதே வேலையைச் செய்ய எது பொருத்தம் என்றால், நான் பள்ளிக் காலை உணவுத் திட்டத்தைச் சொல்வேன். 2022 செப்டம்பர் 15 அன்று மதுரையில்தான் முதலமைச்சர் அதைத் தொடங்கி வைத்தார். உப்புமா, கிச்சடி, பொங்கல், கூடவே காய்கறி சாம்பார். ஒரு சமையல் குறிப்பில் ஒரு கைப்பிடி காய் கூடினால் அன்றைக்கு மாநிலம் முழுக்கக் கூடுகிறது. கல்லூரி விடுதி மெஸ், தொழிற்சாலை கேன்டீன், ரயில் நிலையக் கடை இவற்றுக்கும் இது பொருந்தும். குறிப்பு ஒரு இடத்தில் இருக்கிறது, சாப்பிடுகிறவர் ஆயிரம் பேர்.

தெருக்கடைகளில் அப்படிக் குறிப்பு கிடையாது. ஒவ்வொரு கல்லுக்கும் ஒரு மாஸ்டர், ஒவ்வொருவருக்கும் ஒரு கை. வரியும் முத்திரையும் அங்கே எட்டாது. வாடிக்கையாளர் கேட்டால்தான் மாறும்.

அதற்கு முன்மாதிரி பக்கத்திலேயே இருக்கிறது. சிம்மக்கல்லிலோ கோரிப்பாளையத்திலோ எந்த டீக்கடையிலும் "சீனி கம்மியா ஒண்ணு" என்றால் மாஸ்டர் நிமிர்ந்துகூடப் பார்ப்பதில்லை. சர்க்கரை நோய் வீட்டுக்கு வீடு வந்த பிறகு, கேட்டுக் கேட்டு வழக்கமான ஒரு ஆர்டர் அது. ஜிகர்தண்டா கடையிலும் சர்பத் கடையிலும் அதை இன்னும் அவ்வளவாகக் கேட்க முடிவதில்லை. பாலும் பாதாம் பிசினும் ஐஸ்கிரீமும் இருக்கிற தம்ளரில் நன்னாரி சர்பத்தைப் பாதியாக்கினால் ருசி கெட்டுப்போகாது. புரோட்டாக் கடையில் "எண்ணெய் கம்மியா ரெண்டு, சால்னாவைக் கலக்கி ஊத்துங்கண்ணே" என்று கேட்டால் இன்றைக்கு மாஸ்டர் ஒரு மாதிரி பார்ப்பார். பத்துப் பேர் கேட்டால் பார்க்க மாட்டார்.